உங்கள் பெயரைத் திருத்தும் கம்ப்யூட்டர்!

தமிழ் எழுத்தில் பெரியது, சிறியது என்ற பேதம் கிடையாது. முருகன் என்று எழுதினால், எங்கே எழுதினாலும் அது முருகன்தான்.

ஆங்கிலம் அப்படி அல்ல. அதில் உள்ள 26 எழுத்துக்களுக்கும் இரண்டு உருவங்கள் உண்டு. ஒன்று பெரிய எழுத்து. மற்றொன்று சிறிய எழுத்து. பெயரை எழுதும்போது முதல் எழுத்து பெரிதாக இருக்கவேண்டும். மற்றவை சிறிதாக இருக்கவேண்டும். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குச் சொல்லித் தரும் பாடம் இது.

இந்தப் பாடத்தைக் கம்ப்யூட்டருக்கும் சொல்லிக் கொடுத்தார்கள். வந்தது வினை!

ரெயில் டிக்கெட், பரீட்சை, வேலை, பாங்கிக் கணக்கு என்று பல காரியங்களுக்கு இப்போது இண்டர்நெட்டில் பெயரைப் பதிவு செய்கிறோம். அதற்கென்று உள்ள பாரத்தில் ஒருவர் தம் பெயர் முழுவதையும் சிறிய எழுத்தில் அடிக்கிறார். இன்னொருவர் முழுவதையும் பெரிய எழுத்தில் அடிக்கிறார்.

பட்டியல் பார்வைக்கு அழகாக இருக்கவேண்டும் அல்லவா? அதற்காகச் சில கம்ப்யூட்டர்கள் தாமாகவே பெயரைத் திருத்திவிடுகின்றன. முதல் எழுத்து பெரிது, மற்றவை சிறிது என்று எல்லோர் பெயரையும் ஒரே மாதிரி ஆக்கிவிடுகின்றன.

எண்ணம் நல்லதுதான். ஆனால், பெயர் என்பது செங்கல் அல்லவே, ஒரே அச்சில் அறுப்பதற்கு!

டொனால்டின் மகன்

ஸ்காட்லாந்தில் 'மக்டொனால்டு' என்று ஒரு குடும்பப் பெயர் உண்டு. 'மக்' என்றால் மகன். டொனால்டின் மகன் என்பது இந்தப் பெயரின் பொருள். பெயருக்கு நடுவே முன்னோர் ஒருவரின் பெயர் இருக்கிறது. அதனால் நடுவில் வரும் 'டி' என்ற எழுத்தையும் பலர் பெரிதாக எழுதுகிறார்கள்.

அயர்லாந்தில் 'ஓபிரையன்' என்று ஒரு பெயர். 1014-ம் ஆண்டு நடந்த போரில் கொல்லப்பட்ட பிரையன் போரு என்ற அரசரின் வழியில் வந்தவர்கள் என்று அதற்குப் பொருள். அதில் 'ஓ'வும் பெரிய எழுத்து. அடுத்து வரும் 'பி'யும் பெரிய எழுத்து.

நம் ஊரில் தகப்பனார் பெயரை இனிஷியலாகப் போடுகிறோமே, அதைப் போன்றதுதான் இதுவும். நடுவில் உள்ள பெரிய எழுத்தைக் கம்ப்யூட்டர் சிறிதாக்கினால், பெயருக்குள் இருந்த முன்னோர் மறைந்து போகிறார்!

விதி போட்டால் தீருமா?

"எம், ஏ, சி என்ற மூன்று எழுத்துக்களில் பெயர் தொடங்கினால், அடுத்த எழுத்தைப் பெரிதாக்கு என்று கம்ப்யூட்டருக்கு உத்தரவு போட்டால் போதாதா?" என்று கேட்கலாம். போதாது.

1924-ல் பிரிட்டனின் பிரதம மந்திரியானவர் ராம்சே மக்டொனால்டு. அவர் பெயரில் 'டி' பெரிய எழுத்து. 1867-ல் கனடாவின் முதல் பிரதம மந்திரியானவர் ஜான் மக்டொனால்டு. அவர் பெயரில் 'டி' சிறிய எழுத்து! பெயர் ஒன்றுதான், எழுதும் விதம்தான் வேறு.

ஸ்பெயின் நாட்டுக் கவிஞர் அந்தோனியோ மச்சாதோ (1875-1939) பெயரும் அதே எம், ஏ, சி எழுத்துக்களில்தான் தொடங்குகிறது. ஆனால், அவருக்கும் ஸ்காட்லாந்துக்கும் சம்பந்தம் இல்லை. விதியை நம்பினால், அவர் பெயருக்கு நடுவிலும் ஒரு பெரிய எழுத்து முளைத்துவிடும்!

ஒரே ஓவியர், இரண்டு விதம்

வின்சென்ட் வான் கோ உலகப் புகழ் பெற்ற ஓவியர். நெதர்லாந்து நாட்டுக்காரர். அவர் பெயரை முழுமையாக எழுதும்போது 'வான்' என்பதன் முதல் எழுத்து சிறியது. வின்சென்ட் என்பதை விட்டுவிட்டு 'வான் கோ' என்று மட்டும் எழுதினால், அதே எழுத்து பெரிதாகிவிடும். இது நெதர்லாந்து வழக்கம்.

பக்கத்து நாடான பெல்ஜியத்தில் வழக்கம் வேறு. பதிவேட்டில் எப்படி இருக்கிறதோ, அப்படியே எப்போதும் எழுதவேண்டும். பக்கத்து நாட்டிலேயே இப்படி என்றால், உலகம் முழுவதற்கும் ஒரே விதி எப்படிப் பொருந்தும்?

ஒரு புள்ளியின் மகிமை

துருக்கி நாட்டில் 1928-ல் எழுத்தையே மாற்றி, ஆங்கில எழுத்தைப் போன்ற புது எழுத்துக்களைக் கொண்டுவந்தார்கள். அதில் 'ஐ' என்ற எழுத்து இரண்டு வகை. ஒன்றுக்குத் தலையில் புள்ளி உண்டு, மற்றொன்றுக்குக் கிடையாது. இரண்டும் வெவ்வேறு ஒலிகள். பெரிய எழுத்திலும் இந்த வித்தியாசம் இருக்கிறது. ஆங்கில வழக்கம் மட்டும் தெரிந்த கம்ப்யூட்டர் பெரிதைச் சிறிதாக்கினால், புள்ளி இடம் மாறுகிறது. எழுத்தே வேறாகிவிடுகிறது!

ஜெர்மனியில் இரட்டை 'எஸ்' போல ஒலிக்கும் தனி எழுத்து ஒன்று உண்டு. நெடுங்காலம் அதற்குப் பெரிய உருவமே இல்லை. பெரிதாக எழுதும் இடத்தில் இரண்டு 'எஸ்' போட்டு வந்தார்கள். 2017-ல்தான் அதற்கும் பெரிய உருவம் ஜெர்மன் எழுத்து விதிகளில் இடம் பெற்றது.

அங்கே 'வைஸ்' என்ற குடும்பப் பெயரைச் சிலர் அந்தத் தனி எழுத்துடன் எழுதுவார்கள். சிலர் இரண்டு 'எஸ்' போட்டு எழுதுவார்கள். இரண்டையும் பழைய முறைப்படி பெரிய எழுத்தாக்கினால், வித்தியாசம் தெரியாமல் போய்விடும்.

மாவு அரிசி ஆகுமா?

பாஸ்போர்ட்டில் படம் உள்ள பக்கத்தின் அடியில் இரண்டு வரிகள் இருக்கும். ஒவ்வொரு வரியிலும் 44 இடங்கள். அங்கே பெயர் முழுவதும் பெரிய எழுத்துத்தான். அது இயந்திரம் படிப்பதற்கு. அதில் தவறு இல்லை.

ஆனால், எல்லாம் பெரிய எழுத்தாக இருக்கும் பெயரைப் பார்த்து, "முதலில் எது பெரியது, எது சிறியது?" என்று கம்ப்யூட்டரால் சொல்ல முடியாது. அரிசியை மாவாக்கலாம், மாவை மறுபடியும் அரிசியாக்க முடியுமா?

சிறியதே போதும்!

அமெரிக்காவில் பெல் ஹுக்ஸ் என்று ஓர் எழுத்தாளர் இருந்தார். 2021-ல் காலமானார். இது அவர் வைத்துக்கொண்ட புனைபெயர். பாட்டியின் தாயார் பெயர். அதை முழுவதும் சிறிய எழுத்தில்தான் எழுதினார். "ஆளைப் பார்க்காதீர்கள், எழுதியதைப் பாருங்கள்" என்பது அவர் கருத்து. இந்தப் பெயரைப் பிழை என்று நினைத்துத் திருத்துவது நியாயமா?

இனிஷியல் படும் பாடு

தமிழர்களுக்கும் இந்தத் தொல்லை உண்டு. 'கே.ஆர்.' என்ற இனிஷியலைப் புள்ளி இல்லாமல், இடைவெளி இல்லாமல் சேர்த்து அடித்தால் என்ன ஆகும்? திருத்தும் கம்ப்யூட்டர் 'ஆர்' என்ற எழுத்தைச் சிறிதாக்கிவிடும். இரண்டு இனிஷியல் இருந்த இடத்தில் பொருள் இல்லாத ஒரு சொல் வந்து நிற்கும். சான்றிதழிலும் அப்படியே அச்சாகிவிட்டால், மனுவைத் தூக்கிக்கொண்டு அலையவேண்டியதுதான்.

என்ன செய்யவேண்டும்?

பாரம் தயாரிப்பவர்கள் செய்யவேண்டியது எளிது. பெயரை அடித்தபடியே வைத்துக்கொள்ளவேண்டும். ஒரே பெயர் இரண்டு தடவை வந்திருக்கிறதா என்று தேடும்போது மட்டும், பெரிய எழுத்தையும் சிறிய எழுத்தையும் ஒன்றாகக் கருதினால் போதும். பெயரில் சந்தேகம் வந்தால், "இது சரிதானா?" என்று உரியவரையே கேட்கலாம். தானாகத் திருத்தக் கூடாது.

பெயரை அடிப்பவர்கள் கவனிக்கவேண்டியதும் உண்டு. சான்றிதழில் உள்ளபடியே பெயரை அடியுங்கள். இனிஷியல்களுக்கு நடுவே இடைவெளி விடுங்கள். கடைசிப் பொத்தானை அழுத்துமுன், திரையில் வந்திருக்கும் பெயரை எழுத்துக் கூட்டிப் படித்துப் பாருங்கள்.

பாஸ்வேர்டு அடிக்கும்போது இன்னும் கவனம் தேவை. அதில் பெரிய எழுத்து வேறு, சிறிய எழுத்து வேறு. முதல் எழுத்தைச் செல்போன் தானாகவே பெரிதாக்கிவிட்டால், கதவு திறக்காது!

பெயருக்குச் சொந்தக்காரர் மனிதர். கம்ப்யூட்டர் அதை எழுதி வைக்கும் குமாஸ்தா. சொன்னபடி எழுதுவதுதான் குமாஸ்தாவுக்கு அழகு!