பயிற்சிக்குப் பிறகு அந்த அரை மணி நேரம்: அமினோ அமிலம் எப்போது, யாருக்கு?

ஜிம்மில் புதிதாகச் சேரும் தம்பிகளுக்கு முதல் வாரத்திலேயே ஓர் எச்சரிக்கை கிடைத்துவிடுகிறது. பயிற்சி முடிந்து அரை மணி நேரத்துக்குள் அமினோ குடிக்காவிட்டால் தூக்கிய எடையெல்லாம் வீண், தசை கரைந்துவிடும் என்கிறார்கள். பயந்துபோன பையன், வீட்டில் முட்டைக்கும் பாலுக்கும் கேட்கத் தயங்கும் பணத்தை ஒரு டப்பாவுக்குக் கொடுத்துவிட்டு வருகிறான். இதைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது. அந்த அவசரத்துக்கு அறிவியலில் அவ்வளவு ஆதாரம் இல்லை. பணம் போக வேண்டிய இடமும் வேறு.

மூன்று போதாது, ஒன்பதும் வேண்டும்

நம் உடலின் புரதங்கள் 20 அமினோ அமிலங்களால் ஆனவை. அவற்றில் ஹிஸ்டிடின், ஐசோலூசின், லூசின், லைசின், மெத்தியோனின், ஃபினைல்அலனின், திரியோனின், டிரிப்டோஃபேன், வேலின் ஆகிய ஒன்பதை உடலால் தயாரித்துக்கொள்ள முடியாது. உணவில்தான் வர வேண்டும். இவையே இன்றியமையா அமினோ அமிலங்கள். ஜிம்களில் அதிகம் விற்கும் பி.சி.ஏ.ஏ. டப்பாவில் இருப்பவை லூசின், ஐசோலூசின், வேலின் ஆகிய மூன்று மட்டுமே, பெரும்பாலும் 2:1:1 விகிதத்தில்.

இந்த மூன்றில் லூசினுக்குத் தனி வேலை உண்டு. தசை அணுக்களுக்குள் எம்டார் என்ற புரதத்தைத் தூண்டி, 'தசை கட்டத் தொடங்கு' என்ற குறிப்பைக் கொடுப்பது அதுதான். ஒரு வேளையில் 2 முதல் 3 கிராம் லூசின் கிடைத்தால் அந்தத் தூண்டுதல் நன்றாக நடக்கும். ஆனால் மேஸ்திரி வந்து குரல் கொடுத்துவிட்டால் மட்டும் சுவர் எழும்பிவிடாது. செங்கல்லும் மணலும் வந்திறங்கியிருக்க வேண்டும். மற்ற ஆறு அமினோ அமிலங்கள் உணவிலிருந்து வராதபோது, இருக்கிற தசையை உடைத்துத்தான் உடல் அவற்றை எடுக்கிறது. பி.சி.ஏ.ஏ.யை மட்டும் குடித்துத் தசை வளர்க்கலாம் என்ற கூற்றுக்கு ஆதாரம் இல்லை என்று ராபர்ட் வுல்ஃப் 2017-இல் எழுதிய ஆய்வுக் கட்டுரையின் மையக் கருத்தும் இதுவே.

அதே 2017-இல் ஸ்காட்லாந்தின் ஸ்டெர்லிங் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். எடைப்பயிற்சி முடித்த இளைஞர்களுக்கு 5.6 கிராம் பி.சி.ஏ.ஏ. கொடுத்தபோது, சத்தற்ற பானம் குடித்தபோது இருந்ததைவிடத் தசைப் புரத உற்பத்தி 22 விழுக்காடு கூடியது. விளம்பரங்கள் இந்த எண்ணோடு நின்றுகொள்கின்றன. அதே அளவு பி.சி.ஏ.ஏ. உள்ள, பாலிலிருந்து எடுக்கும் வே புரதத்தைக் குடித்தால் கிடைக்கும் பலனில் இது ஏறத்தாழப் பாதிதான் என்பதை அவை சொல்வதில்லை.

கதவு அவ்வளவு சீக்கிரம் மூடுவதில்லை

அரை மணி நேரக் கணக்கு எப்படி வந்தது? பயிற்சியை ஒட்டிச் சாப்பிடுவதற்குக் கூடுதல் பலன் உண்டு என்று சில ஆரம்பகால ஆய்வுகள் நம்பிக்கை கொடுத்தன. 2001-இல் கெவின் டிப்டன் குழு, 6 கிராம் இன்றியமையா அமினோ அமிலங்களைச் சர்க்கரையோடு பயிற்சிக்கு முன் கொடுத்தால், பின்னர் கொடுப்பதைவிட நல்ல பலன் வருவதாகக் கண்டது. 2007-இல் அதே டிப்டன் வே புரதத்தை வைத்துச் சோதித்தபோது, முன்னா பின்னா என்பதில் குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை.

2013-இல் ஷோன்ஃபெல்ட், அரகான், க்ரீகர் மூவரும் பல ஆய்வுகளைத் தொகுத்துக் கணக்கிட்டபோது விஷயம் இன்னும் தெளிவானது. நேரம் பார்த்துக் குடித்தவர்கள் முன்னேறியதாகத் தெரிந்ததற்கு முக்கியக் காரணம், அவர்கள் நாள் முழுக்கச் சாப்பிட்ட மொத்தப் புரதம் அதிகமாக இருந்ததுதான். அந்த வேறுபாட்டைக் கணக்கில் கொண்டதும் நேரத்தின் பலன் மறைந்துபோனது. நல்ல எடைப்பயிற்சிக்குப் பிறகு தசை ஒரு முழு நாளைக்கும் மேலாகப் புரதத்தை வரவேற்கும் நிலையிலேயே இருக்கிறது. மாலை ஐந்து மணிக்குச் சாப்பிட்டுவிட்டு ஆறரைக்குப் பயிற்சி தொடங்குபவரின் இரத்தத்தில், எட்டு மணிக்கும் அந்தச் சாப்பாட்டின் அமினோ அமிலங்கள் வந்துகொண்டிருக்கும். அவர் பதற்றப்படாமல் வீட்டுக்குப் போய்ச் சாப்பிடலாம்.

செட்டுக்குச் செட் இடையில் பி.சி.ஏ.ஏ. கலந்த வண்ண நீர் உறிஞ்சுவதும் இப்படித்தான். மறுநாள் தசைவலி சற்றுக் குறைவதாகச் சில ஆய்வுகள் சொல்கின்றன. தசை அளவு கூடுவதற்கு அது உதவுவதாகத் தெரியவில்லை.

வெறும் வயிற்றுக்காரர்கள்

நேரம் உண்மையிலேயே பொருட்படுத்த வேண்டிய ஓர் இடம் இருக்கிறது. முந்தின இரவு எட்டரைக்குச் சாப்பிட்டவர் காலை ஐந்தரைக்கு ஜிம்முக்குப் போனால், ஒன்பது மணி நேரம் உணவில்லாமல் எடை தூக்குகிறார். பயிற்சி முடிந்தும் பத்து மணிவரை எதுவும் சாப்பிடாமல் இருந்தால் தசைக்கு நட்டம்தான். இவர்கள் பயிற்சிக்கு முன்போ, முடிந்து ஒரு மணி நேரத்துக்குள்ளோ புரதம் எடுத்துக்கொள்வது நல்லது.

கனமாக எதுவும் இறங்காது என்பவர்களுக்கு இன்றியமையா அமினோ அமிலங்கள் ஒன்பதும் அடங்கிய இ.ஏ.ஏ. பொடி 6 முதல் 10 கிராம் பயன்படும். வயிற்றை நிரப்பாமல் விரைவாக இரத்தத்தில் கலந்துவிடும். வே புரதம் ஒரு ஸ்கூப் அதே வேலையைச் செய்யும், விலையும் பெரும்பாலும் கட்டுப்படியாகும். அதுவும் வேண்டாமென்றால் ஒரு டம்ளர் பாலும், வந்ததும் மூன்று முட்டையும் போதும். டப்பாவில் 'கலோரி இல்லை' என்று போட்டிருந்தாலும் அமினோ அமிலத்துக்குக் கிராமுக்குச் சுமார் 4 கலோரி உண்டு. இன்சுலினையும் அது தூண்டும். உண்ணாநோன்பு இருந்து எடை குறைப்பவர்கள் இதை விரதத்தில் சேர்க்கக் கூடாது. ரமலான் நோன்பு காலத்தில் இஃப்தாருக்குச் சற்று முன் பயிற்சி செய்துவிட்டு, நோன்பு திறந்ததும் நன்றாகச் சாப்பிடுகிற இளைஞர்களின் வழக்கம் தசைக்கும் ஏற்றதே.

நாள் கணக்குதான் உண்மையான கணக்கு

2018-இல் மார்ட்டன் குழு 49 ஆய்வுகளைத் தொகுத்தது. எடைப்பயிற்சி செய்பவருக்கு உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்குச் சுமார் 1.6 கிராம் புரதம் கிடைத்துவிட்டால், அதற்கு மேல் சேர்ப்பதால் சராசரியாகப் பெரிய பலன் இல்லை. 60 கிலோ உள்ளவருக்கு இது 96 கிராம். இந்த எண்ணை எட்டியவருக்கு அமினோ டப்பா கூடுதலாக எதையும் தந்துவிடாது. எட்டாதவருக்கு ஒரு ஸ்கூப்பில் அது தரும் சில கிராம் போதாது.

நம் சாப்பாட்டில் பள்ளம் விழுவது காலையில். நான்கு இட்லியில் சுமார் 8 கிராம் புரதம்தான்; சட்னி பெரிதாகக் கூட்டாது. அதோடு இரண்டு முட்டை சேர்த்தால் 12 கிராம் கூடும். 50 கிராம் சோயா உருண்டை 25 கிராமுக்கும் மேல் தரும். ஒரு கைப்பிடி வேர்க்கடலை 7 கிராம், 100 கிராம் பன்னீர் 18 கிராம், வேகவைத்த எலும்பில்லாத கோழி நெஞ்சுக்கறி 100 கிராமில் 30 கிராம், மீனில் ஏறத்தாழ 20 கிராம். அரிசியில் லைசின் குறைவு, பருப்பில் மெத்தியோனின் குறைவு. சாம்பார் சாதத்தில் இரண்டும் சேரும்போது ஒன்றின் குறையை மற்றது ஈடுசெய்கிறது. இப்படிக் கிடைப்பதை ஒரே வேளையில் குவிக்காமல், மூன்று நான்கு வேளையாக 20 முதல் 30 கிராம் வீதம் பிரித்துச் சாப்பிட்டால் போதும்.

அறுபது தாண்டியவர்களுக்கு மட்டும் வேறு கணக்கு. வயதான தசை லூசினின் குரலை மெதுவாகத்தான் கேட்கும். ஒவ்வொரு வேளையும் புரதம் சற்றுக் கூடுதலாக வேண்டும். பல் வலுவும் பசியும் குறைந்த பெரியவர்களுக்கு, இளைஞர்களைவிட இந்தப் பொடிகள் உண்மையில் உதவக்கூடும்.

ஜிம்மில் விற்கும் மற்ற அமினோ அமிலங்களில் குளுட்டமைனைப் பற்றி நீளமாகப் பேச வேண்டியதில்லை. ஆரோக்கியமான ஒருவரின் தசை வளர்ச்சிக்கு அது உதவவில்லை. பீட்டா அலனின் குடித்ததும் முகத்தில் வரும் குறுகுறுப்பைப் பலர் பலனாக நினைக்கிறார்கள். அது நரம்புகளின் எதிர்வினை மட்டுமே. பலன் வாரக்கணக்கில் தினமும் எடுத்த பிறகுதான், எந்த நேரத்தில் எடுத்தாலும் ஒன்றே.

டப்பாவுக்குள் என்ன இருக்கிறது

புரதத்தை அளக்கும் வழக்கமான சோதனை, உண்மையில் நைட்ரஜனை அளந்து 6.25-ஆல் பெருக்குகிறது. கிளைசின், டாரின் போன்ற மலிவான பொருள்களைக் கலந்தாலும் நைட்ரஜன் ஏறிவிடும், லேபிளில் புரதமும் ஏறிவிடும். இந்தியச் சந்தையில் விற்கும் 36 புரதப் பொடிகளைச் சோதித்து 2024-இல் 'மெடிசின்' இதழில் வெளியான ஆய்வில், ஏறத்தாழ 70 விழுக்காடு பொடிகளின் லேபிளில் புரத அளவு சரியில்லை. சிலவற்றில் பூஞ்சை நச்சும் இருந்தது. அதே ஆண்டு ஹைதராபாத்தின் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம், தசைக்காகப் புரதப் பொடி வேண்டாம் என்று வழிகாட்டியது. இந்தச் சூழலில் அந்த அறிவுரையை நான் மதிக்கிறேன். வாங்கியே ஆக வேண்டுமென்றால் 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண்ணையும், வெளி ஆய்வகச் சோதனை அறிக்கையையும் பாருங்கள். பெயரில்லாத பொட்டலத்தில் பிரித்துக் கொடுப்பதை வாங்காதீர்கள்.

மருத்துவரைக் கேட்காமல் தொடக்கூடாதவர்கள்

சிறுநீரகம் அல்லது ஈரல் நோய் உள்ளவர்கள், கருவுற்றிருப்பவர்கள், 18 வயதுக்குட்பட்டவர்கள் தாமாக எதையும் தொடங்கக் கூடாது. பார்க்கின்சன் நோய்க்கு லெவோடோபா எடுப்பவர்களுக்கு அமினோ அமிலங்கள் அந்த மருந்தோடு போட்டியிட்டு அதன் பலனைக் குறைக்கும். இரத்த அழுத்த மாத்திரை எடுப்பவர்கள் ஆர்ஜினின் என்ற அமினோ அமிலத்தைச் சேர்த்தால் அழுத்தம் மேலும் இறங்கக்கூடும். இரத்தப் பரிசோதனைக்குப் போகும்போது என்னென்ன பொடி குடிக்கிறீர்கள் என்பதை மருத்துவரிடம் சொல்லுங்கள். கிரியாட்டின் குடிப்பவருக்குக் கிரியாட்டினின் அளவு சற்று உயர்ந்து, சிறுநீரகக் கோளாறோ என்ற வீண் கவலையைக் கிளப்பக்கூடும்.