மலையடிவாரத்துக் குறிப்புகள் – 9: சொல்லத் தெரியாத வலி

விடிவதற்கு முன்பே மலையேறிவிடும் ஜீப்புகளில் ஏலத்தோட்டக் கூலிக்குப் புறப்படும் ராசிங்காபுரத்துக் குடும்பங்கள் சிலவற்றில், வீட்டோடு விட்டுச்செல்லப்படும் ஒருவர் இருப்பதுண்டு. முதியவரல்லர், நோயாளியென்றும் பெயரில்லை, அறிவு வளர்ச்சி குன்றியவராய்ப் பிறந்து, தாய்தந்தையர் நிழலிலேயே முப்பதையும் நாற்பதையும் கடந்துவிட்டவர். இந்த வயதிலும் அவரை எல்லாரும் வாஞ்சையோடு 'பிள்ளை' என்றே சொல்கிறார்கள். அந்த வாஞ்சையிலேயே ஓர் அபாயமும் இருக்கிறது. பிள்ளைக்குச் சர்க்கரை ஏது, இரத்தக் கொதிப்பு ஏது என்ற எண்ணத்தில், 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின் ஊழியர் வாசலுக்கு வரும்போது பாட்டியின் கை நீளுமேயன்றி, இவர் கையையும் நீட்டச் சொல்ல ஒருவருக்கும் தோன்றாது.

இத்தகையோருள் பலருக்கு 'வலிக்கிறது' என்று சொல்லத் தெரியாது. கடைவாய்ப் பல் சீழ்ப்பிடித்தால் தலையைச் சுவரில் மோதுவார். மலச்சிக்கல் நாட்கணக்கில் முற்றினால் சோற்றுத் தட்டை வீசியெறிவார். 'அவன் சுபாவமே அப்படித்தானே' என்று வீட்டார் சொல்ல, வைத்தியரும் அதை ஆமோதித்து, வாயைத் திறந்து பாராமலே தூக்க மாத்திரை எழுதியனுப்ப, பல்லின் உபாதை பல்லிலேயே நின்று, மாத்திரையின் மந்தம் மாத்திரம் சரீரத்தில் கூடுகிறது. வலிப்புக்கென்று பல்லாண்டு உட்கொள்ளும் ஃபெனிட்டாய்ன் ஈறைத் தடிக்கச் செய்யும். மனநோய் மருந்துகள் சில மலத்தைக் கட்டும். டவுன் சிண்ட்ரோமோடு பிறந்தவருக்குத் தைராய்டுச் சுரப்புக் குறைவது சாதாரணம். ஓடியாடித் திரிந்தவர் மூலையில் ஒடுங்கினால் அதை மந்தபுத்தியின் மேல் ஏற்றிவிடாமல், இரத்தத்தைப் பரிசோதித்து தினம் ஒரு மாத்திரை கொடுத்தாலே பலர் தெளிவடைவர்.

இங்கிலாந்தின் பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தார் இத்தகையோர் 247 பேரின் மரணங்களை ஒவ்வொன்றாய் விசாரித்து 2013-இல் வெளியிட்ட அறிக்கை, ஆண்கள் ஏனையோரைவிட 13 ஆண்டும், பெண்கள் 20 ஆண்டும் முந்தி இறந்ததாகச் சொல்கிறது. வைத்தியசாலைக்குக் குறைவில்லாத தேசத்தின் கணக்கு இது.

மனத்தின் சங்கதி இதனினும் சிக்கலானது. 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் அறிவு வளர்ச்சிக் குறைவை மனநோய் என்னும் வரையறைக்கு வெளியே நிறுத்துகிறது, நியாயந்தான். ஆயினும் அந்தக் குறைவோடு பிறந்தவரைத் துயரமும் பீதியும் சித்தப்பிரமையும் அணுகா என்பது அதன் பொருளன்று. பிறரைக் காட்டிலும் அதிகமாகவே அணுகுகின்றன. தகப்பனார் மறைந்த வருஷத்தில் மகன் உண்ண மறுப்பது பிடிவாதமாக இல்லாமல் துக்கமாகவே இருக்கக்கூடும். குச்சனூர்ச் சனீசுவரனுக்கும் வீரபாண்டிக் கௌமாரிக்கும் நேர்ந்துகொள்பவர்களை நான் பரிகசிக்க மாட்டேன். நேர்த்திக்கடன் எந்த மருந்தையும் தடுப்பதில்லை. வேறு வழி காணாத குடும்பங்கள் தம்மவரைச் சங்கிலிக்கு ஒப்புக்கொடுத்துவிட்டுத் திரும்பியதன் விளைவை மாத்திரம் மறக்க இயலவில்லை: 2001 ஆகஸ்டு 6-ஆம் நாள், ஏர்வாடி தர்காவை அண்டி நடந்த தனியார் காப்பகமொன்றின் கொட்டகை தீப்பற்றியபோது, கட்டுண்டிருந்த 28 பேர் மாண்டனர்.

போடி அரசு மருத்துவமனைக்கோ, தேனியைத் தாண்டிக் க.விலக்கிலுள்ள மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ அழைத்துப் போனால் ஒரு நாள் கூலி போய்விடும் என்பது மெய். மாநில அரசின் பராமரிப்பு உதவித்தொகை மாதம் 2,000 ரூபாயும், ஆண்டுக்கு மொத்தம் 1 லட்சம் வரை மருத்துவச் செலவை ஏற்று, அதற்குள் ஒரு வரம்புக்குட்பட்டுப் புறநோயாளிச் செலவையும் தரும் 'நிராமயா' காப்பீடும் அந்தச் சுமையை ஓரளவு குறைக்கும். பணத்தைவிட அங்கே பெரிதும் பற்றாக்குறையாவது, வைத்தியரின் முன்னே கிடைக்கும் சில நிமிஷத்துக்குள் சொல்லவேண்டிய விஷயந்தான். எனவே உறக்கம், மலம், வலிப்பு வந்த தேதி, உட்கொள்ளும் மாத்திரை, வலியெடுத்தால் இவர் செய்வது இன்னதென்ற விவரம் ஆகியவற்றைத் தாய் சொல்ல, பக்கத்து வீட்டுப் பள்ளிப்பிள்ளை ஒரு நோட்டில் எழுதிவைப்பது, என் அபிப்பிராயத்தில், வைத்தியத்தின் முதல் பாதி.

அந்தத் தாய்க்குப் பின் சொல்பவர் யார்? மகனுக்கு 18 வயது நிரம்பியபின் பெற்றவரேகூட, 1999-ஆம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, ஆட்சியர் தலைமையிலான உள்ளூர்க் குழுவிடம் காப்பாளர் நியமனம் கோர வேண்டியிருக்கும் விவரத்தை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)