காது வாசலை ஏன் பெரிதாக்குகிறார்கள்?

காது மடலுக்குப் பின்னால் விரலை வைத்து அழுத்திப் பாருங்கள். கெட்டியாக ஒரு மேடு தட்டுப்படும். அதுதான் மாஸ்டாய்டு எலும்பு. வெளியேதான் கெட்டி. உள்ளே சின்னச் சின்ன அறைகள் நிறைய உண்டு. அறை முழுக்கக் காற்று. இந்த அறைகளுக்கு நடுக்காதோடு தொடர்பு இருப்பதால், அங்கே நோய் வந்தால் இங்கேயும் பரவும்.

ஸ்ரீரங்கத்தில் அம்மா மண்டபம் படித்துறையில் குதித்துக் குளிக்கும் பிள்ளைக்குக் காதில் சீழ் வடிந்தால், வீட்டில் முதலில் திட்டு வாங்குவது காவிரிதான். உண்மையில், செவிப்பறை ஓட்டை இல்லாமல் முழுதாக இருந்தால் ஆற்றுத் தண்ணீர் அதைத் தாண்டி நடுக்காதுக்குள் போகாது. பல நேரம் தொல்லை மூக்குப் பக்கமிருந்து வருகிறது. மூக்கின் பின்புறத்திலிருந்து நடுக்காதுக்கு ஒரு குழல் காற்றைக் கொண்டுபோகிறது. அந்தக் குழல் சரியாகத் திறக்காமலே இருந்தால் உள்ளே காற்றழுத்தம் குறையும். அப்போது செவிப்பறை உள்பக்கமாக இழுபட்டுக் குழிந்துபோகும்.

இங்கேதான் ஓர் அதிசயத்தைச் சொல்ல வேண்டும். செவிப்பறையின் மேல்தோல் ஓரிடத்தில் நிற்பதே இல்லை! நாளொன்றுக்குச் சுமார் 0.1 மில்லிமீட்டர் வேகத்தில் வெளிப்பக்கம் நகர்ந்துகொண்டே இருக்கிறது. உதிர்ந்த தோலையும் அழுக்கையும் அதுவே வாசலுக்குக் கொண்டுவந்துவிடும். ஊக்கு, தீக்குச்சி எதுவும் காதுக்கு வேண்டவே வேண்டாம். ஆனால் பறை குழிந்துவிட்டால், குழிக்குள் உதிரும் தோல் வெளியேற வழியில்லாமல் அங்கேயே சேரும். இந்தச் சேர்மானத்துக்குக் கொலஸ்டியாட்டோமா என்று பெயர். அது மெல்ல மெல்லச் சுற்றியுள்ள எலும்பை அரிக்கும். நாற்றமடிக்கும் சீழ் வரும், கேட்கும் திறன் குறையும். முகத்தை அசைக்கும் நரம்பும் மூளையும் பக்கத்திலேயே இருப்பதால் இதை விட்டுவைப்பது ஆபத்து. மருந்தால் மட்டும் இது போகாது. அறுவை சிகிச்சை தேவை.

1873இல் ஜெர்மன் மருத்துவர் ஹெர்மன் ஷ்வார்ட்சே மாஸ்டாய்டு அறுவையை முறைப்படுத்தி எழுதியபோது, கையிலிருந்தவை உளியும் சுத்தியலும். இன்று நுண்ணோக்கி வழியாகப் பார்த்துக்கொண்டே, தண்ணீர் விட்டு எலும்பைக் குளிர்வித்தபடி, சிறு துரப்பணத்தால் கொஞ்சம் கொஞ்சமாகச் செதுக்குகிறார்கள். நோய் நிறையப் பரவியிருந்தால், காது வாசலிலிருந்து செவிப்பறைவரை போகும் செவிக்குழலின் பின்சுவரையும் எடுத்துவிடுவார்கள். செவிக்குழலும் மாஸ்டாய்டு அறைகளும் சேர்ந்து ஒரே பெரிய குழியாகிவிடும்.

இப்போது ஸ்ரீரங்கம் கோயிலுக்குள் இருக்கும் பெரிய வட்டமான நெற்களஞ்சியங்களை நினைத்துக்கொள்ளுங்கள். அவ்வளவு பெரிய களஞ்சியத்துக்கு ஒரு கை மட்டும் நுழையும் வாசல் வைத்தால் என்ன ஆகும்? மூலையில் தங்கிய பழைய நெல்லைக் கூட்டித் தள்ள முடியாது, காற்றும் போகாது, உள்ளே புழுங்கிப் பூஞ்சை பிடிக்கும். காதிலும் அதேதான். குழி பெரிதாகி வாசல் மட்டும் பழைய அளவிலேயே இருந்தால், உள்ளே ஈரம் தங்கி மறுபடி சீழ் வடியும். எவ்வளவு திறமையாகச் செதுக்கியிருந்தாலும் வாசல் சிறியதென்றால் பாதி உழைப்பு வீண். அதனால்தான் அறுவையின் கடைசிக் கட்டத்தில் காது வாசலைப் பெரிதாக்குகிறார்கள்.

வட்டமாகத் தோலை வெட்டி எறிந்தால் போதாதா? போதாது. தோல் இல்லாத இடத்தில் தழும்பு வளரும், தழும்பு சுருங்கும், வாசல் மறுபடி குறுகும். எனவே தோலை வீணாக்காமல், அதற்கடியில் இருக்கும் குருத்தெலும்பிலிருந்து ஒரு பிறைத்துண்டை மட்டும் எடுக்கிறார்கள். பிறகு செவிக்குழலின் பின்பக்கத் தோலில் இரண்டு கோடுகளாகக் கீறி, ஒரு பக்கம் ஒட்டியபடியே இருக்கும் அந்தப் பட்டையைப் பின்னால் மடித்துக் குழிக்குள் பதிக்கிறார்கள். ராஸ்டாக் நகரத்துப் பேராசிரியர் ஓட்டோ கோர்னர் பெயரால் வழங்கும் முறை இது. வேறு வடிவங்களில் கீறும் முறைகளும் உண்டு. எந்த முறையானாலும் வாசல் பிற்பாடு கொஞ்சம் சுருங்கத்தான் செய்யும். அதைக் கணக்கில் வைத்து, தம் விரல் நுனி நுழையும் அளவுக்கு வாசலை விடும் மருத்துவர்கள் உண்டு. பிறகு மருந்தில் நனைத்த துணி நாடாவை உள்ளே அடைத்து, ஆறும்வரை வாசல் மூடாமல் பார்த்துக்கொள்கிறார்கள்.

பெரிய வாசலால் ஒரு சங்கடமும் உண்டு. குளிர்ந்த நீர் உள்ளே போனால் தலை சுற்றும். உடல் சமநிலையைக் காக்கும் உறுப்பு குழிக்கு மிக அருகில் இருப்பதே காரணம். காதில் குளிர்ந்த நீரோ வெந்நீரோ பட்டால் ஏன் தலை சுற்றுகிறது என்று ஆராய்ந்தவர் வியன்னா மருத்துவர் ராபர்ட் பாராணி. சமநிலை உறுப்பு பற்றிய அவருடைய பணிக்கு 1914ஆம் ஆண்டின் நோபல் பரிசு அறிவிக்கப்பட்டபோது, முதல் உலகப் போரில் பிடிபட்டு ரஷ்யாவில் கைதியாக இருந்தார்! இப்படித் தலை சுற்றாமல் இருக்க, இந்த அறுவை செய்துகொண்டவர்கள் வாஸ்லின் தடவிய பஞ்சைக் காதில் வைத்துக்கொண்டு குளிக்க வேண்டும். மருத்துவரைக் கேட்காமல் ஆற்றில் முங்கக் கூடாது.

திருச்சியில் காது வலி, சீழ் என்றால் புத்தூரில் உள்ள மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனைக்குப் போகலாம். அறுவை முடிந்தவர்கள் காது நன்றாக ஆறிய பிறகும் அவ்வப்போது மருத்துவரிடம் காட்ட வேண்டும். வாசல் அகலமாக இருந்தால் அவர் குழியின் மூலைவரை பார்த்து, சேர்ந்திருக்கும் அழுக்கை உறிஞ்சி எடுத்துவிட முடியும்.