அடுத்திருப்போருடன் பேசிக் கற்றல்

எஞ்சினீயரிங் கல்லூரியின் முதலாண்டு வகுப்பில் நூறு மாணாக்கர் அமர்ந்திருக்கின்றனர். "விளங்கிற்றா?" என ஆசிரியர் வினவ, எவரும் வாய் திறப்பதில்லை. தாய்மொழி வழியில் பயின்று வந்த மாணாக்கருக்கோ, ஐயம் இருப்பினும் அதனை ஆங்கிலத்தில் எழுந்து கேட்க நா எழுவதில்லை. இம்மௌனத்தை இசைவாகக் கொண்டு ஆசிரியர் அடுத்த பாடத்திற்குச் சென்றுவிடுகிறார். உண்மை நிலை பரீட்சையன்றே வெளிப்படுகிறது.

அமெரிக்காவின் ஹார்வர்டு சர்வகலாசாலையிற் பௌதிகம் கற்பித்த எரிக் மஸூர் என்பாருக்கும் இவ்வனுபவம் நேர்ந்தது. அவருடைய மாணாக்கர் சூத்திரங்களைக் கொண்டு கடினமான கணக்குகளைப் போட்டனர். ஆயினும் அடிப்படைக் கருத்துக்களைப் பற்றிய எளிய வினாக்களில் இடறினர். ஒரு வினாவை அவர் இருமுறை விளக்கியும் பயனில்லை. தமக்குள்ளே பேசிப் பார்க்குமாறு கூறினார். சில நிமிஷங்களில் அவர்களே தெளிந்தனர். 1991 முதல் இதனையே தம் போதனா முறையாக்கிக் கொண்டார்.

முறை எளிது. சுவரிற் கட்டிய கயிற்றை ஒருவன் 100 நியூட்டன் விசையுடன் இழுக்கிறான். பின்னர், சுவருக்குப் பதிலாக மற்றொருவன் எதிர்ப்புறம் நின்று 100 நியூட்டனுடன் இழுக்கிறான். கயிற்றின் இழுவிசை இப்போது எவ்வளவு? மாணாக்கர் முதலில் தனியே சிந்தித்து விடையைக் காட்ட வேண்டும். பலர் 200 என்பர். சரியான விடை கூறியோர் ஏறத்தாழ 30 முதல் 70 சதவீதமாயின், அண்டையிலிருப்பவருடன் வாதிடச் செய்து மீண்டும் விடை கேட்க வேண்டும். முன்பும் சுவர் 100 நியூட்டனுடன் எதிரிழுத்தது என்பதைச் சற்று முன்னர் உணர்ந்த தோழன், தன் குழப்பத்தை இன்னும் மறவாதவனாகையால், ஆசிரியரினும் நன்கு விளக்குவான்.

மின் கருவி எதுவும் வேண்டியதில்லை. வண்ண அட்டைகள் போதும். கை தூக்கச் செய்தலோ தகாது. அனைவரும் முதல் மாணாக்கனின் கையையே நோக்குவர். வாதம் தாய்மொழியில் நடப்பதைத் தடுத்தலும் கூடாது.

62 வகுப்புக்களையும் 6,542 மாணாக்கரையும் ஆராய்ந்து ரிச்சர்டு ஹேக் 1998இல் வெளியிட்ட முடிவின்படி, மாணாக்கர் புதிதாக அடையக்கூடிய அறிவில், விரிவுரை மட்டும் கேட்ட வகுப்புக்கள் சராசரி 23 சதவீதமும், இத்தகைய கலந்துரையாடல் வகுப்புக்கள் 48 சதவீதமும் பெற்றன.

பாடத்திட்டம் முடிவுறாதே என்னும் கவலை நியாயமானதே. மஸூர், பாடப் பகுதியை மாணாக்கர் முன்னரே வாசித்து வருமாறு பணித்து அக்காலத்தை ஈட்டினார்.