சாப்பாட்டோடு என்ன குடிக்கிறோம்?

பரிஸ் நகரில் உணவகமொன்றில் பல வருடங்களாக வேலை செய்யும் எனது ஒன்றுவிட்ட அண்ணா ஒருவர் அண்மையில் ஊருக்கு வந்திருந்தார். எந்தச் சாப்பாட்டோடு எந்த வைனைப் பரிமாறுவது என்பதைப் படித்தவர்கள் அங்கே தனியாக இருக்கிறார்களாம். கொழுப்பு நிறைந்த இறைச்சிக்குச் சிவப்பு வைன். மரக்கறிக்கும் இலைவகைகளுக்கும் புளிப்புத் தட்டும் வெள்ளை வைன். முந்திரிகைப் பழத்தின் தோலோடும் விதையோடும் ஊறுவதால் சிவப்பு வைனில் ஒரு கயர் இருக்கும், அது பச்சை இலையோடு சேர்ந்தால் வாய் கசக்கும் என்று விளக்கினார். "இப்ப அங்க கனபேர் இறைச்சியை விட்டிட்டு மரக்கறிக்கு மாறுகினம். அதுக்கெண்டே வைன் பட்டியல் போடுறாங்கள்" என்றார்.

"எங்களுக்கு எல்லாத்துக்கும் ஒரே தேத்தண்ணிதான்" என்று அம்மா சொல்ல, எல்லோரும் சிரித்தோம்.

நான் வைன் குடிக்கச் சொல்லி எழுதவரவில்லை. மதுவினால் எமது குடும்பங்கள் படும் பாட்டை இதை வாசிக்கும் சகோதரிகளுக்கு நான் சொல்லத் தேவையில்லை. உடல்நலத்துக்குப் பாதுகாப்பான மது அளவு என்று ஒன்று இல்லை என உலக சுகாதார நிறுவனமும் 2023இல் கூறிவிட்டது. ஆனால் அந்த அண்ணா சொன்ன கயர் என் மனதில் நின்றுவிட்டது. மரக்கறிச் சாப்பாட்டோடு எதைக் குடிப்பது என்ற கேள்வி அவர்களுக்கு ருசி பற்றியது. எங்களுக்கு அது இரத்தம் பற்றியது.

கிளிநொச்சி மாவட்டத்தில் மீள்குடியேறிய கிராமமொன்றில் மாதத்தில் ஒருநாள் பெண்கள் குழுவைச் சந்திப்பது என் வேலைகளில் ஒன்று. அக்குழுவில் 43 வயதான ஓர் அக்கா இருக்கிறார். 2009இல் கணவரை இழந்தவர். கச்சான் பிடுங்குவது, வெங்காயம் கிண்டுவது எனக் கூலி வேலை செய்து இரண்டு பிள்ளைகளை வளர்த்தவர். கொஞ்சக் காலமாக அவருக்குக் களைப்பு. கிணற்றிலிருந்து இரண்டு வாளி தண்ணீர் தூக்கினால் நெஞ்சு அடிக்கும், தலை சுற்றும். "எல்லாம் யோசினையால வாற வருத்தம்" என்பார். அயலவர்களும் அதையே சொன்னார்கள். யுத்தத்தைக் கடந்து வந்த பெண்ணுக்கு எந்த வருத்தம் வந்தாலும் அதை மனதின் கணக்கில் எழுதிவிடும் பழக்கம் எமது சமூகத்தில் ஊறிவிட்டது. யோசினையும் உண்மைதான். ஆனால் வைத்தியசாலையில் இரத்தம் பார்த்தபோது ஹீமோகுளோபின் 9.1 என்று வந்தது. கர்ப்பமில்லாத பெண்ணுக்கு அது ஆகக் குறைந்தது 12 இருக்க வேண்டும்.

அவர் என்னிடம் கேட்ட கேள்வி நியாயமானது. "நான் கிழமையில நாலு நாள் முருங்கையிலை வறை சாப்பிடுறன் மிஸ். பருப்பு ஒவ்வொரு நாளும். பிறகென்னெண்டு எனக்கு இரத்தம் இல்லாமப் போகும்?"

அவருடைய ஒரு நாளைச் சொல்லச் சொன்னேன். விடிய ஐந்து மணிக்கு ஒரு பிளேன்டீ. காலையில் ரொட்டியோ பாணோ, கூடவே ஒரு பிளேன்டீ. தோட்டத்தில் பத்து மணிக்கு ஒன்று. மத்தியானம் சோறு, பருப்பு, இலைக்கறி. கைகழுவிய கையோடு ஒரு பிளேன்டீ. பின்னேரம் ஒன்று. இரவுச் சாப்பாட்டோடு இன்னொன்று. ஆறு. சாயம் நன்றாகக் கறுத்து இருக்கவேண்டும், இல்லாவிட்டால் "வெறும் சுடுதண்ணி".

மீன், இறைச்சியில் உள்ள இரும்புச்சத்தில் நல்லதொரு பங்கை எமது உடல் இலகுவாக எடுத்துக்கொள்ளும். இலை, பருப்பு, பயறு, கௌபி, குரக்கன் போன்றவற்றில் உள்ள இரும்புச்சத்து வேறு வகையானது. அதில் சிறு பங்கைத்தான் உடல் உறிஞ்சும். அந்தச் சிறு பங்கும் அதே வேளையில் வயிற்றுக்குள் வேறென்ன போகிறது என்பதைப் பொறுத்துக் கூடும் அல்லது குறையும். தேயிலையின் கயருக்குக் காரணமான தனின் வகைப் பொருட்கள் இரும்புச்சத்தைப் பிடித்துக் கட்டிவிடுகின்றன. கட்டுப்பட்ட இரும்பு உடலில் சேராமல் வெளியே போய்விடும். சிவப்பு வைனில் இருப்பதும் இதே குணம்தான். வெள்ளை வைனைவிடச் சிவப்பு வைன் இரும்புச்சத்தை அதிகம் மறிக்கிறது என்று ஆய்வுகளில் கண்டிருக்கிறார்கள்.

தேநீரைப் பற்றி 1975இலேயே தென்னாபிரிக்க ஆய்வாளர்கள் எழுதிவிட்டார்கள். பாணோடும், சோறும் உருளைக்கிழங்கு வெங்காயச் சூப்பும் சேர்ந்த சாப்பாட்டோடும் தேநீர் கொடுத்துப் பார்த்தபோது இரும்புச்சத்து உறிஞ்சப்படுவது வெகுவாகக் குறைந்தது. பிற்பட்ட ஆய்வுகளில் தேநீரால் ஏற்படும் குறைவு 60 வீதத்துக்கும் மேல் என்று வந்திருக்கிறது. கோப்பியும் மறிக்கும், தேநீரை விடக் கொஞ்சம் குறைவாக. ஐம்பது வருடமாகத் தெரிந்த விடயம் எமது குசினிகளுக்கு இன்னும் வந்து சேரவில்லை.

தேநீரை விட்டுவிடுங்கள் என்று ஒரே சொல்லில் புத்தி சொல்வது எளிது. எமது பெண்கள் ஏன் இவ்வளவு தேநீர் குடிக்கிறார்கள் என்று யோசித்தால் அப்படிச் சொல்ல வாய் வராது. தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடைக் காலத்தில் சீனி இல்லாமல் ஒரு துண்டு பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு பிளேன்டீ குடித்ததை அம்மா இன்றும் சொல்வார். 2009இல் மெனிக்பாம் முகாமில் அரிசி, மா, பருப்பு, எண்ணெய், சீனி என்று நிவாரணம் வந்த நாட்களிலும் ஆறுதல் தந்தது அதுதான். 2022இல் பால்மா விலை எட்டாத உயரத்துக்குப் போனபோது, பால் தேத்தண்ணி குடித்த வீடுகளும் பிளேன்டீக்கு மாறின. பிள்ளைகளுக்கு முட்டையையும் மீனையும் வைத்துவிட்டு, தாய் மிஞ்சிய சோற்றைப் பருப்போடு சாப்பிட்டு, மிச்சப் பசிக்குச் சீனி போட்ட தேநீரைக் குடிப்பாள். மாதவிடாயினால் ஆணை விட ஏறத்தாழ இரண்டு மடங்கு இரும்புச்சத்துத் தேவைப்படும் உடல் அவளுடையது. மீன் துண்டு போவதோ வேறு கோப்பைக்கு. இது பழக்கம் மட்டுமல்ல, வீட்டுக்குள் யார் எதைச் சாப்பிடுவது என்ற ஒழுங்கும்தான். அந்த ஒழுங்கைப் பற்றித் தனியாக எழுத வேண்டும்.

ஆகவே நான் சொல்வது தேநீரைத் தள்ளிவையுங்கள் என்பது மட்டுமே. விடிய வெறும் வயிற்றில் குடிக்கும் தேநீர் சாப்பாட்டுக்கு ஒரு மணித்தியாலம் முந்தியதாக இருந்தால் பெரிய பிரச்சினை இல்லை. பத்து மணித் தேநீரும் இருக்கட்டும். சாப்பாட்டோடும், சாப்பிட்ட உடனேயும் குடிப்பதைத்தான் தவிர்க்க வேண்டும். 2017இல் பிரித்தானியாவில் பெண்களிடம் செய்த ஆய்வில், சாப்பிட்டு ஒரு மணித்தியாலம் கழித்துத் தேநீர் குடித்தபோது அதன் மறிப்பு ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. ஒன்றரை, இரண்டு மணித்தியாலம் பொறுத்தால் இன்னும் நல்லது.

அப்படியானால் சாப்பாட்டோடு என்ன? தண்ணீர் போதும். அதைவிட நல்லது புளிப்பு. விற்றமின் சீ இரும்புச்சத்தை உடல் எடுத்துக்கொள்ளக்கூடிய நிலைக்கு மாற்றிக் கொடுக்கிறது. எமது பாட்டிமார் ஆய்வு எதுவும் வாசிக்காமலே சொதியை அடுப்பால் இறக்கியபின் தேசிக்காய்ப் புளி விட்டார்கள். வல்லாரைச் சம்பலுக்குப் பச்சைமிளகாயும் வெங்காயமும் தேசிக்காயும் சேர்த்தார்கள். இலைக்கஞ்சியைக் குடிக்கும்போது மேலே தேசிக்காய் பிழிந்தார்கள். அடுப்பில் இருக்கும்போது விட்டால் கைக்கும் என்பதுதான் அவர்கள் சொன்ன காரணம். சூட்டில் விற்றமின் சீ அழிந்துவிடும் என்பதால் அந்தக் காரணமும் எமக்குச் சாதகமாகவே அமைந்துவிட்டது. பழப்புளி கறிக்கு ருசி தந்தாலும் அதில் விற்றமின் சீ மிகக் குறைவு. தேசிக்காயின் இடத்துக்கு அது வராது.

நெல்லிக்காயில் விற்றமின் சீ தேசிக்காயைவிடப் பல மடங்கு. தோலகட்டி ஆசிரமத்தாரின் நெல்லி ரசத்தை யாழ்ப்பாணத்தில் அறியாதவர் இல்லை. இன்று பல இடங்களில் பெண்கள் குழுக்களும் நெல்லி ரசம் செய்து விற்கின்றன. ஆனால் போத்தல் ரசத்தில் சீனி கூட. நீரிழிவு உள்ளவர்களுக்கு ஏற்றதல்ல. நெல்லியை அப்படியே உப்போடு கடிப்பது மேல். ஒரு கொய்யாப்பழம், ஒரு துண்டு பப்பாசி, பச்சையாக வெட்டிய தக்காளி, எது அகப்படுகிறதோ அது. தேசிக்காய் விலை ஏறிக் கிடக்கும் மாதங்களில் கொய்யாதான் கைகொடுக்கும். பயறையும் கௌபியையும் ஓர் இரவு ஊறவைத்து முளைகட்டி அவித்தால் அவற்றிலுள்ள இரும்பும் இன்னும் இலகுவாகச் சேரும்.

குழுவில் ஒருவர், தேத்தண்ணிக்குள் தேசிக்காய் பிழிந்தால் சரிதானே என்று கேட்டார். நல்ல கேள்வி. ஆனால் தனின் அங்கே இருந்துகொண்டுதான் இருக்கும். சாயத்தையும் சோற்றையும் பிரிப்பதே நிச்சயமான வழி.

கர்ப்பிணித் தாய்மாருக்குக் கிளினிக்கில் இரும்புக் குளிசையோடு விற்றமின் சீ குளிசையும் தருவது இதற்காகத்தான். அந்த இரும்புக் குளிசையைத் தேநீரோடு விழுங்கும் தாய்மாரை நான் கண்டிருக்கிறேன். தண்ணீரோடு எடுங்கள். கல்சியம் குளிசையை அதே நேரத்தில் எடுக்காமல் வேறொரு வேளைக்கு வையுங்கள். திரிபோஷா சாப்பிடும் பிள்ளைக்கும் பக்கத்தில் தேநீர் வேண்டாம்.

எல்லாக் குருதிச்சோகையும் சாப்பாட்டினால் மட்டும் வருவதல்ல. அதிக மாதவிடாய்ப் போக்கு, வயிற்றுப் பூச்சி, பரம்பரையாக வரும் தலசீமியா எனப் பல காரணங்கள் உண்டு. களைப்பும் நெஞ்சடிப்பும் இருந்தால் தேசிக்காயோடு நின்றுவிடாமல் வைத்தியசாலையில் இரத்தம் பாருங்கள். அரச வைத்தியசாலையில் அதற்குப் பணம் இல்லை.

அந்த அக்கா வைத்தியர் கொடுத்த குளிசையை எடுத்தார். மத்தியானத் தேநீரை மூன்று மணிக்குத் தள்ளினார். முதல் கிழமை தலையிடித்ததாம். இலைக்கறிக்குத் தேசிக்காய் விடுகிறார். மூன்று மாதத்தில் ஹீமோகுளோபின் 11.2. அது குளிசையாலா, தேசிக்காயாலா, தேநீர் தள்ளிப்போனதாலா என்று பிரித்துச் சொல்ல முடியாது. குளிசைக்கே பெரும் பங்கு இருக்கும் என நினைக்கிறேன். குளிசை முடிந்த பிறகு அந்த அளவைக் காப்பாற்றப் போவது சாப்பாடுதான் என்று வைத்தியரும் அவருக்குச் சொல்லி அனுப்பியிருக்கிறார்.

இப்போது குழுவில் பேச்சு தேசிக் கன்றுகளைப் பற்றி. விதையில் முளைத்த கன்று காய்க்க நாலைந்து வருடம் செல்லும், பதியன் வைத்தது அதற்கு முந்தியே காய்க்கும். கிணற்றடியில், கோப்பை கழுவும் தண்ணீர் ஓடும் பக்கமாக நட்டால் தனியாகத் தண்ணீர் ஊற்றும் வேலை இல்லை. ஆட்டுக்கு மட்டும் வேலி அடைக்க வேண்டும்.