இங்கெல்லாம் போய் வர முடியுமா?

உலகத்தின் கோடியில் ஒரு ஊர் இருக்கிறது, தெரியுமா? தெற்கு அட்லாண்டிக் கடலின் நடுவே உள்ள டிரிஸ்டன் டா குன்யா தீவுதான் அது! ஆள் வாழும் அடுத்த தீவான செயின்ட் ஹெலினாவுக்கே சுமார் 2,400 கிலோமீட்டர்! விமான நிலையம் கிடையாது. தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனில் கப்பல் ஏறினால் ஏறக்குறைய ஒரு வாரம். போய்ச் சேர்ந்தாலும், அலை அடங்கினால்தான் சிறு படகில் கரையேற முடியும்!

அங்கே இருப்பவர்கள் 250 பேருக்கும் குறைவு! 1961-ல் எரிமலை வெடித்ததும் ஊரையே காலி செய்து அத்தனை பேரையும் இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார்கள். இங்கிலாந்து வசதி வேண்டுமா, எரிமலை வேண்டுமா? 1963-ல் பெரும்பாலோர் தீவுக்கே திரும்பிவிட்டார்கள்!

எந்தக் கரையும் எட்டாத இடம் எது தெரியுமா? பசிபிக் கடலில் உள்ள 'நீமோ முனை'! எந்தத் திசையில் போனாலும் 2,688 கிலோமீட்டருக்குள் நிலமே கிடையாது! சர்வதேச விண்வெளி நிலையம் பறப்பதோ சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில். அது தலைக்கு மேலே கடக்கும் நேரத்தில், பக்கத்து வீட்டுக்காரர்கள் விண்வெளி வீரர்கள்தான்! ஆயுள் முடிந்த விண்கலங்களை விழவைப்பதும் இந்த வட்டாரத்தில்தான். ரஷ்யாவின் மிர் நிலையமும் 2001-ல் தென் பசிபிக்கில்தான் வீழ்ந்தது.

அண்டார்க்டிகாவில் எந்தக் கடலிலிருந்தும் வெகு தொலைவான பனிவெளி ஒன்று உண்டு. 1958-ல் அங்கே போன சோவியத் குழு, தங்கள் குடிலின் உச்சியில் லெனின் சிலையை வைத்துவிட்டு வந்தது. 2007-ல் காற்றாடிகள் இழுக்கப் பனிச்சறுக்கிலேயே ஒரு குழு அங்கே போய்ச் சேர்ந்தது. குடில் பனியில் புதைந்துபோயிருந்தது. லெனின் மட்டும் தலைகாட்டிக்கொண்டிருந்தார்!

வானத்துக்கும் போய், கடலின் அடியாழத்துக்கும் போன முதல் ஆள் யார் தெரியுமா? அமெரிக்காவின் கேத்தி சல்லிவன்! 1984-ல் விண்வெளியில் நடந்தார். 2020-ல் பசிபிக்கின் சேலஞ்சர் ஆழத்துக்கு, கிட்டத்தட்ட 11 கிலோமீட்டர் கீழே, இறங்கினார். மேலே வந்ததும் விண்வெளி நிலையத்தில் இருந்தவர்களோடு பேசினார்!

கிளம்ப ஆசையா? டிரிஸ்டனுக்குப் போக முதலில் தீவு மன்றத்தின் அனுமதி வேண்டும். திரும்பி வர கப்பலில் இடம் உறுதியாகியிருக்க வேண்டும். ஆகவே, ரிட்டர்ன் டிக்கெட்டைப் பார்த்துக்கொண்டு பெட்டியைக் கட்டுங்கள்!