முள் இறங்கினால் மலை ஏறாதீர்கள்!

ஈப்போவில் ஒரு சனிக்கிழமை, விடியற்காலை ஐந்தரை மணி. பெரியம்மா வீட்டு வாசலில் மாமாவின் நடமாடும் வீடு நிற்கிறது. உள்ளே நாசி லெமாக் பொட்டலங்கள், குளிர்ச்சட்டைகள், தூக்கம் கலையாத நான்கு பிள்ளைகள். அரை மணி நேரத்தில் சிம்பாங் புலாய் வழியாகக் கேமரன் மலைக்குப் புறப்பட வேண்டும். மாமா சாவியைத் திருப்பினார். 'பீப்' என்று ஒரு சத்தம் எழுந்தது. அது நிற்கவே இல்லை.

"காத்து இல்லை" என்றார் மாமா.

மாமா முப்பது ஆண்டுகளுக்கு மேல் விரைவுப் பேருந்து ஓட்டியவர். ஓய்வு பெற்றதும் ஒரு பழைய பேருந்தை வாங்கி, முறைப்படி ஜேபிஜே அனுமதி பெற்று, கட்டில், அடுப்படி, கழிப்பறை என்று மோட்டார்ஹோமாக மாற்றிக்கொண்டார். குடும்பத்தை ஏற்றிக்கொண்டு நாட்டைச் சுற்றுவது அவருடைய நெடுநாள் ஆசை. அதற்கான முதல் மலைப்பயணம்தான் இது.

வண்டி இயங்கத் தொடங்கிய சில நிமிடங்களில் காற்று ஏறியது. சத்தமும் நின்றது. எங்கள் எல்லாருக்கும் நிம்மதி.

"அதான் நின்னுருச்சே மச்சான், கிளம்பலாம்" என்றார் சித்தப்பா. "வழியில மறுபடி கத்துனா அந்த வயரைக் கழட்டி விட்டுருவோம்."

மாமா சாவியை அணைத்துக் கையில் எடுத்துக்கொண்டார். "பெரட்டு மணியைக் கழட்டி வெச்சிட்டா பொழுது விடியாமப் போயிருமா?" என்று கேட்டுவிட்டுக் கீழே இறங்கிப் போனார்.

காற்று போனால் பிரேக் என்னாகும்?

காரில் பிரேக்கை அழுத்தினால் எண்ணெய் வேலை செய்கிறது. பேருந்து, லோரி, பெரிய மோட்டார்ஹோம் ஆகியவற்றில் அந்த வேலையைச் செய்வது அழுத்தப்பட்ட காற்று. எஞ்சினோடு ஓடும் கம்ப்ரெசர் காற்றை அழுத்தி டேங்குகளில் நிரப்புகிறது. ஓட்டுநர் மிதிக்கும்போது அந்தக் காற்று குழாய் வழியாகச் சக்கரங்களுக்குப் போய் பிரேக்கைப் பிடிக்கிறது.

அப்படியென்றால் காற்று போய்விட்டால் பிரேக்கே இருக்காதா? நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். மாமா சிரித்தார். நிறுத்து பிரேக்கைப் பிடித்திருப்பது காற்று அல்ல, வலுவான சுருள்வில். காற்று அந்த வில்லை அழுத்தி வைத்திருக்கும்வரைதான் வண்டி நகரும். காற்று நன்றாக இறங்கிவிட்டால் வில் விரிந்து சக்கரத்தை இறுக்கிக்கொள்ளும்.

இந்த யோசனைக்கு வயது நூற்றைம்பதுக்கும் மேல். ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸ் 1869-இல் ரயிலுக்குக் காற்று பிரேக் செய்தபோது, குழாய் அறுந்தால் பிரேக்கும் போய்விடும். 1872-இல் அவரே அதைத் தலைகீழாக மாற்றினார். குழாயில் காற்று குறைந்தால் பிரேக் தானாகவே பிடித்துக்கொள்ளும்படி செய்தார். காற்று போனால் வண்டி நிற்க வேண்டும் என்பதே அடிப்படை.

பிறகு ஏன் பயப்பட வேண்டும்? நிற்கக் கூடாத இடத்தில் நின்றுவிடலாம் என்பதுதான் பயம். மலை வளைவில் திடீரென்று பின்சக்கரம் இறுகினால் என்ன ஆகும்? அதற்கு முன்பே, பாதிக் காற்றோடு இறக்கத்தில் போகும்போது மிதித்த அளவுக்குப் பிரேக் பிடிக்காமல் போனால்? 2013 ஆகஸ்ட் 21-ஆம் தேதி கெந்திங் மலைச்சாலையில் ஒரு பேருந்து பள்ளத்தில் விழுந்து 37 பேர் இறந்தது நமக்கு மறந்திருக்காது. மாமா அப்போது பேருந்து ஓட்டிக்கொண்டிருந்தார். அன்றிலிருந்து முள்ளைப் பார்க்காமல் வண்டியை எடுத்ததில்லை என்கிறார்.

இரண்டு முள் சொன்ன துப்பு

பெரிய வண்டிகளில் காற்று இரண்டு தனிச் சுற்றுகளாகப் பிரிந்திருக்கும். ஒன்று பெரும்பாலும் பின்சக்கரங்களுக்கு, மற்றது முன்சக்கரங்களுக்கு. ஒன்றில் ஓட்டை விழுந்தாலும் மற்றது காலியாகாதபடி நடுவே ஒருவழி வால்வுகள் இருக்கும். அதனால்தான் ஓட்டுநர் முன்னால் இரண்டு முள்கள்.

முதல்நாள் இரவு நிறுத்தியபோது இரண்டும் 8 பாரில் இருந்தன. காலையில் முன்சுற்று முள் ஏழுக்கு மேல் நின்றது. பின்சுற்று முள் ஏறக்குறைய பூஜ்யம். ஆக, கசிவு பின்சுற்றில்தான். தேட வேண்டிய இடம் அங்கேயே பாதியாகக் குறைந்துவிட்டது.

தரை சமமாக இருந்தது. முன்னும் பின்னும் சக்கரங்களுக்குக் கட்டை வைத்தோம். காற்றை நிரப்பி எஞ்சினை நிறுத்திவிட்டு மாமா மூன்று சோதனைகள் செய்தார்.

முதலில், நிறுத்து பிரேக்கை விடுவித்துப் பார்த்தார். அப்போது மட்டும் முள் வேகமாக இறங்கினால் கோளாறு சுருள்வில் பிரேக்கின் குழாயிலோ அதன் உள்ளே இருக்கும் ரப்பரிலோ இருக்கும். இறக்கத்தின் வேகம் கூடவில்லை.

அடுத்து, பிரேக்கை மிதித்தபடி வைத்திருந்தார். அப்போது மட்டும் இறங்கினால் மிதி வால்வையும் சக்கரத்துக்குப் போகும் குழாய்களையும் பார்க்க வேண்டும். அதிலும் மாற்றம் இல்லை.

மூன்றாவதாக, எதையும் தொடாமல் விட்டார். முள் அதே நிதானத்தில் இறங்கிக்கொண்டிருந்தது. "அப்ப பிரேக்குல இல்லை. டேங்குக்கும் பிரேக்குக்கும் சம்பந்தமில்லாத ஏதோ ஒண்ணு காத்தைக் குடிக்குது" என்றார்.

எவ்வளவு இறங்கினால் ஆபத்து? அமெரிக்காவில் கனரக வாகன உரிமத் தேர்வில் ஒரு கணக்கு உண்டு. எஞ்சின் நின்று, பிரேக்கை விட்டிருக்கும்போது, இழுவை இல்லாத தனி வண்டியில் ஒரு நிமிடத்துக்கு 2 பிஎஸ்ஐக்கு மேல் இறங்கக் கூடாது. மிதித்துப் பிடித்திருக்கும்போது 3 பிஎஸ்ஐக்கு மேல் கூடாது. ஒரு பார் என்பது ஏறத்தாழ 14.5 பிஎஸ்ஐ. எங்கள் வண்டி அந்தக் கணக்கில் தேறிவிடும். ஆனால் ஒரே ராத்திரியில் டேங்க் காலியாகிறதே!

காதால் கண்டுபிடித்தது

"ஏம்மா, நீ ரேடியோக்காரிதானே? காதைக் கொடு" என்றார் மாமா.

குளிர்பெட்டி, மின்விசிறி எல்லாவற்றையும் அணைத்தோம். பிள்ளைகளைப் பெரியம்மா வீட்டுக்குள் அழைத்துப் போனார். ஒலிபரப்பு அறையில் ஒலிவாங்கியைத் திறப்பதற்கு முன் ஒரு கணம் வரும் அமைதி எனக்குப் பழக்கம். அந்த அமைதி வண்டிக்குள் வந்ததும், ஓட்டுநர் இருக்கைக்கு அடியிலிருந்து ஊசி நுழைவதுபோல் மெல்லிய 'ஸ்ஸ்' கேட்டது.

பாத்திரம் கழுவும் திரவத்தைத் தண்ணீரில் கலந்து மாமா அங்கே தெளித்தார். ஒரு குழாய் இணைப்பில் சின்னச் சின்னக் குமிழிகள் பொங்கின.

வண்டியை மாற்றிக் கட்டிய பட்டறையில் மாமாவுக்குக் காற்று இருக்கை பொருத்திக் கொடுத்திருந்தார்கள். அதற்கான காற்றைப் பின்சுற்று டேங்கிலிருந்தே எடுத்திருந்தார்கள். நைலான் குழாயை நேராக வெட்டாமல் சாய்வாக வெட்டிச் செருகியிருந்ததால் வாய் சரியாக அடைபடவில்லை. அதைவிடப் பெரிய தவறு, நடுவே பாதுகாப்பு வால்வு வைக்காதது. அழுத்தம் ஓர் அளவுக்குக் கீழே போனால் இருக்கை, ஹாரன் போன்ற உபரிச் சாமான்களுக்குப் போகும் வழியை மூடி, பிரேக்குக்கான காற்றைக் காப்பாற்றும் வால்வு அது.

இறக்கத்தில் அடிக்கடி மிதிக்கும்போது காற்று வேகமாகச் செலவாகும். அந்த நேரத்தில் அந்தக் குழாய் முழுதாகக் கழன்றிருந்தால் பின்சுற்றின் காற்று மளமளவென்று போயிருக்கும். உட்கார வசதியாக இருக்கட்டும் என்று வைத்த ஒரு சாமானுக்காகப் பின்பிரேக்கை இழந்திருப்போம்.

நீங்களும் கவனியுங்கள்

மோட்டார்ஹோம் வைத்திருப்பவர்களும் வாடகைக்கு எடுப்பவர்களும் சிலவற்றை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

● இரவு நிறுத்தும்போதும் காலையில் எடுக்கும்போதும் இரண்டு முள்ளையும் பாருங்கள். கைப்பேசியில் ஒரு படம் எடுத்து வைத்தால் ஒப்பிடுவது எளிது.

● எச்சரிக்கைச் சத்தம் பொதுவாக 4 பார் அளவில் எழும். ஓடும்போது கேட்டால் பாதுகாப்பான இடத்தில் உடனே நிறுத்துங்கள். அது நிற்காமல் வண்டியை நகர்த்தாதீர்கள்.

● நம் ஊர் ஈரக்காற்றில் டேங்கில் தண்ணீர் சேரும். வடிகால் வால்வைத் திறந்து பாருங்கள். தண்ணீர் அதிகமாக வந்தால் ஏர் டிரையரையும், எண்ணெய் கலந்து வந்தால் கம்ப்ரெசரையும் சோதிக்கச் சொல்லுங்கள்.

● காற்றுப் பை தாங்கும் வண்டிக்கு அடியில், தாங்கி வைக்காமல் நுழையாதீர்கள். காற்று இறங்கினால் வண்டியும் கீழே இறங்கும்.

● சுருள்வில் இருக்கும் பிரேக் உறையை நீங்களாகக் கழற்றாதீர்கள். தெறித்தால் உயிரைப் பறிக்கும் விசை அதற்குள் இருக்கிறது.

● மலை இறங்கும்போது தாழ்ந்த கியரில் இறங்குங்கள். மிதித்து மிதித்து விடுவது காற்றைத்தான் தின்னும்.

மாமா அந்தக் குழாய் முனையை நேராக வெட்டிச் செருகினார். குமிழி நின்றது. "அப்புறம் என்ன, கிளம்பலாமே!" என்றார் சித்தப்பா. ஒரு ராத்திரி நின்று காட்டட்டும் என்றார் மாமா. மறுநாள் காலை இரண்டு முள்களும் ஏழுக்கு மேல் நின்றன. ஆனாலும் அவர் மலை ஏறவில்லை. பாதுகாப்பு வால்வு பொருத்தாமல் ஏற மாட்டேன் என்றுவிட்டார். திங்கட்கிழமை பள்ளிக்கூடம். கோபத்தில் பிள்ளைகள் கிள்ளான் வரும்வரை மாமாவோடு பேசவே இல்லை.

அடுத்த பள்ளி விடுமுறையில் போனோம். தானா ராத்தாவில் தேநீர் குடித்துவிட்டுத் திரும்பும்போது, மாமா வண்டியை எடுக்காமல் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார். பின்னாலிருந்து என் மகன் எட்டிப் பார்த்தான்.

"ரெண்டு முள்ளும் எட்டுல இருக்கு தாத்தா, போகலாம்."